மெக்கானிக்கல் பிராட்ஹெட்: பெரிய விலங்குகளை வில்லால் வேட்டையாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெக்கானிக்கல் பிராட்ஹெட், அதாவது இலக்கில் பட்டதும் பிளேடுகள் விரியும் வேட்டை அம்பு முனை, வாங்கப் போனால் பாக்கெட்டில் முதலில் கண்ணில் படுவது வெட்டு அகலம்தான். 1.5 அங்குலம், 2 அங்குலம், அதற்கு மேலும் உண்டு. நிலையான பிளேடு வைத்த முனைகள் பெரும்பாலும் 1 முதல் 1¼ அங்குலத்துக்குள் நின்றுவிடும். அதனால் காயமும் இரண்டு மடங்கு இருக்கும் என்று மனம் உடனே கணக்குப் போட்டுவிடுகிறது. அந்த அகலத்துக்கான விலையை அம்பு தன் ஊடுருவும் சக்தியிலிருந்து கொடுக்கிறது என்பதைப் பாக்கெட் சொல்லாது. "முனை கைவிட்டுவிட்டது" என்று கேள்விப்படும் கதைகளைக் கொஞ்சம் துருவிக் கேட்டால், பல நேரம் முனையில் கோளாறு இருக்காது. அந்த முனைக்குப் பொருந்தாத அம்போ, பொருந்தாத விலங்கோ, பொருந்தாத கோணமோதான் அடியில் கிடக்கும். நஷ்டம் வேட்டைக்காரருக்கு ஒரு அம்பு. விலங்குக்கு நாள்கணக்கில் வேதனை. அதனால்தான் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் இந்த முனை வேலை செய்யும் விதம். பறக்கும்போது பிளேடுகள் தண்டோடு ஒட்டி மடங்கியிருக்கும். ரப்பர் வளையமோ, பிளாஸ்டிக் காலரோ, சிறு கிளிப்போ அவற்றைப் பிடித்து வைத்திருக்கும். இலக்கில் பட்டதும் விரியும். விரிவதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பிளேடின் முன்பக்க நுனி தோலில் மாட்டி, பிளேடு பின்னோக்கிச் சுழன்று திறக்கும். இதில் நுழையும் துளை பல நேரம் சிறியதாக இருக்கும், முழு அகலம் உள்ளே போன பிறகுதான் கிடைக்கும். இன்னொன்றில் பிளேடுகள் பின்பக்கமாகச் சறுக்கித் திறக்கும். நுழையும் இடத்திலேயே அகலமான வெட்டு விழும். இரண்டிலும் திறப்பதற்கே கொஞ்சம் ஆற்றல் செலவாகிறது. திறந்த பிறகு அகலமான பிளேடைத் தசைக்குள் தள்ளிக்கொண்டு போக இன்னும் அதிகம் செலவாகிறது.

அகல எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது முதல் தவறு. இரண்டு பிளேடு கொண்ட 2 அங்குல முனை மொத்தம் 2 அங்குலம் வெட்டுகிறது. மூன்று பிளேடு கொண்ட 1.5 அங்குல முனையில் ஒவ்வொரு பிளேடும் மையத்திலிருந்து 0.75 அங்குலம், ஆக மொத்தம் 2.25 அங்குலம். சின்ன எண் போட்ட முனைதான் அதிகம் வெட்டுகிறது, உள்ளே போக அதிகம் தடுமாறவும் செய்கிறது. பிளேடு எத்தனை, எந்தச் சாய்வில் நிற்கிறது, எவ்வளவு தடிமன் என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் அகலத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

அடுத்தது வேகத்தை மட்டும் நம்புவது. இதில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். அம்பின் இயக்க ஆற்றலைக் கணக்கிட, அதன் எடையை (கிரெய்ன் என்ற சிறு அலகில்) வேகத்தின் (அடி/விநாடி) வர்க்கத்தால் பெருக்கி 450,240-ஆல் வகுப்பார்கள். 400 கிரெய்ன் அம்பு 280 அடி வேகத்தில் போனால் சுமார் 70 அடி-பவுண்டு. 550 கிரெய்ன் அம்பு 239 அடி வேகத்தில் போனாலும் அதே 70தான். காகிதத்தில் இரண்டும் ஒன்று. ஆனால் உந்தத்தைப் பாருங்கள்: எடையை வேகத்தால் பெருக்கி 225,400-ஆல் வகுத்தால் முதல் அம்புக்கு 0.50, இரண்டாவதுக்கு 0.58. தடையைத் தாண்டி நகர்ந்துகொண்டே இருக்க உதவுவது இந்த உந்தம்தான். அகலமான முனை என்றால் தடையும் அதிகம். அப்படியிருக்க, லேசான அம்பில் அகலமான முனையை மாட்டுவது ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் பிடுங்குவது.

அம்பு தயாரிக்கும் ஈஸ்டன் நிறுவனத்தின் ஆற்றல் அட்டவணையைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள்: மான் போன்ற நடுத்தர விலங்குகளுக்கு 25 முதல் 41 அடி-பவுண்டு, எல்க் (மிகப் பெரிய மான் இனம்), கருங்கரடி போன்றவற்றுக்கு 42 முதல் 65, அதற்கும் கடினமானவற்றுக்கு 65-க்கு மேல். அட்டவணை சரிதான், ஆனால் விரிவதற்கான செலவை அது தனியாகக் கழிப்பதில்லை. விரியும் முனை போடுகிறவர் தன் வரிசையின் கீழ் எல்லையில் நிற்கக் கூடாது. நாணை இழுக்க 40, 45 பவுண்டு விசை மட்டுமே வேண்டிய வில், குறைந்த இழுப்பு நீளம் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன்: பட்டவுடன் வெட்டத் தொடங்கும் நிலையான முனைதான். சிறுவர்களுக்கும் புதிதாகக் கற்பவர்களுக்கும் வில்லைத் தயார் செய்து கொடுப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். "முதல் தடவை, ஏதாவது தப்பினாலும் பெரிய வெட்டு காப்பாற்றும்" என்று அவர்களுக்கு 2 அங்குல முனையைக் கொடுப்பதுதான் இருக்கிற தேர்வுகளிலேயே மோசமானது.

மானில் கிடைத்த வெற்றியை அப்படியே எல்க், அதைவிடப் பெரிய மூஸ் மேல் ஏற்றிப் பார்ப்பது இன்னொரு பெரிய தவறு. அமெரிக்காவின் மேரிலாந்தில் இந்தியன் ஹெட் என்ற கடற்படை வளாகத்தில், வில் வேட்டையில் அடிபட்ட வெள்ளைவால் மான்களைப் பல ஆண்டுகள் பதிவு செய்தார்கள். நிலையான முனையால் அடிபட்டவற்றில் சுமார் 82 சதவீதம் கண்டெடுக்கப்பட்டன, மெக்கானிக்கல் முனையால் அடிபட்டவற்றில் சுமார் 91 சதவீதம். மெக்கானிக்கல் முனைகள் நம்பத்தகாதவை என்று ஒரேயடியாகச் சொல்பவர்கள் இந்தக் கணக்கை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். ஆனால் அது வெள்ளைவால் மானின் கணக்கு. வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோ தாண்டும், ஆண் மூஸ் 450 கிலோவுக்கும் மேல் போகும். விலா எலும்பு தடிமன், தோல் தடிமன், நெஞ்சுக்கூட்டின் அகலம் எல்லாமே வேறு. மானின் இரண்டு பக்கத்தையும் துளைத்து வெளியேறும் அம்பு, எல்க்கின் ஒரு நுரையீரலோடு நின்றுவிடலாம். ஒற்றை நுரையீரலில் அடிபட்ட எல்க் வெகுதூரம் போகும்.

எலும்பைப் பற்றிப் பேசும்போது எட் ஆஷ்பியின் வேலையைச் சொல்லாமல் விட முடியாது. 1980-களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் தொடங்கி, அம்பு ஊடுருவலைப் பல ஆண்டுகள் சோதித்தவர். ஊடுருவலை நிர்ணயிக்கும் 12 காரணிகளை அவர் வரிசைப்படுத்தினார். முதலிடம் அம்பும் முனையும் உடையாமல், வளையாமல் தாங்குவதற்கு. இரண்டாவது இடம் அம்பு நேராகப் பறப்பதற்கு. கனமான எலும்பைத் தாண்ட 650 கிரெய்ன் அளவை ஒரு எல்லைக்கோடாக அவர் வைத்தார். எல்லாரும் 650-க்கு மாற வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அசையும் பாகங்களும் மெல்லிய பிளேடுகளும் கொண்ட ஒரு முனை, அந்தப் பட்டியலின் முதல் கேள்வியிலேயே பலவீனமாக நிற்கிறது என்பதை மறுக்க முடியாது. தோள்பட்டை எலும்பின் தட்டையான பகுதியில் பட்டாலே பிளேடு வளையலாம். மூட்டுப் பக்கம் பட்டால் அம்பு அங்கேயே நின்றுவிடலாம். அதனால் மெக்கானிக்கல் முனை போடுகிறவர் தோளை ஒட்டி இறுக்கிக் குறிவைக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

கோணமும் இதோடு சேர்ந்ததுதான். விலங்கு பக்கவாட்டில் நேராக நின்றாலும், லேசாக நம்மைவிட்டு அப்பால் திரும்பி நின்றாலும் பிரச்சினை இல்லை. கோணம் கூடக்கூட, முன்பக்கம் மாட்டித் திறக்கும் வகையில் ஒரு பிளேடு மற்றதற்கு முன்பே தோலைப் பிடித்துவிடும். அந்த நொடியில் அம்பின் வால் ஒரு பக்கம் தள்ளப்பட்டு, உள்ளே போகும் பாதையே மாறலாம். பின்பக்கம் சறுக்கும் வகை இதில் கொஞ்சம் மேல், ஆனால் மிகக் கூர்மையான கோணத்துக்கு அதுவும் மருந்தல்ல. நம்மை நோக்கித் திரும்பி நிற்கும் விலங்கின் மேல் எய்யவே கூடாது.

சரி, பறப்பதைப் பற்றி. மெக்கானிக்கல் முனை ஃபீல்டு பாயின்ட் (பயிற்சிக்கான, பிளேடு இல்லாத முனை) போலவே பறக்கும் என்பது பெரும்பாலும் உண்மை. அந்த உண்மையே ஒரு பொறியாகிவிடுகிறது. நிலையான பிளேடு காற்றில் சிறகு போல வேலை செய்து, வில்லில் இருக்கும் சின்னக் கோளாறையும் காட்டிக்கொடுக்கும். மடங்கிய பிளேடு அதை மறைத்துவிடும். அம்பு குறியில் போய்த் தைக்கும், ஆனால் லேசாக வாலை ஆட்டிக்கொண்டே போயிருக்கும். தசையில் படும்போது அந்த ஆட்டம் தண்டு வளைவதில் வீணாகி ஊடுருவல் குறையும். வழி எளிது: அதே எடையுள்ள நிலையான முனை ஒன்றையும் ஃபீல்டு பாயின்ட்டையும் 30, 40 கஜத்தில் மாற்றி மாற்றி எய்து பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தில் விழும்வரை வில்லைச் சரி செய்யுங்கள். அப்புறம் மெக்கானிக்கல் முனையை மாட்டுங்கள்.

பராமரிப்பில் நடக்கும் தவறுகள் சின்னவை, விளைவு பெரியது. ரப்பர் வளையம் வெயிலிலும் வயதிலும் வெடித்துப்போகும்; போன பருவத்து வளையத்தோடு காட்டுக்குப் போகாதீர்கள். ஒரு தடவை எய்தால் காலரை மாற்றுங்கள். அம்பறாத்தூணியின் மேல்மூடியில் இருக்கும் ஃபோமில் முனையைக் குத்தி வைத்தால், உருவும்போது பிளேடு சத்தமில்லாமல் பாதி திறந்துகொள்ளும். நாணில் ஏற்றும் முன் விரலால் ஒரு முறை சரிபார்ப்பது பழக்கமாக வேண்டும். பாதி திறந்த பிளேடோடு பறக்கும் அம்பு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. குறுக்கே ஒரு குச்சியோ புல் தண்டோ உரசினாலும் இதே கதி. கிராஸ்போவின் (குறுக்குவில்லின்) உதைப்பில் சாதாரண முனைகள் முன்கூட்டியே திறந்துவிடலாம், அதற்கென்று இறுக்கமாகப் பிடிக்கும் முனைகள் தனியாக வருகின்றன. பயிற்சிக்கு எய்த பிளேடை வேட்டைக்குக் கொண்டுபோக வேண்டாம். ஃபோம் இலக்கு ஒரே தடவையில் கூர்மையை மழுக்கிவிடும்.

நன்றாகப் பறக்கிறது என்பதற்காகத் தூரத்தைக் கூட்டுவதும் தவறுதான். 280 அடி வேக அம்பு 40 கஜத்தைக் கடக்க சுமார் 0.43 விநாடி ஆகும். நாணின் சத்தம் 0.11 விநாடியில் போய்ச் சேர்ந்துவிடும். மீதி 0.32 விநாடி மானுக்குச் சொந்தம். பாய்வதற்காக அது முதலில் உடலைத் தாழ்த்தும், நுரையீரலுக்குக் குறிவைத்த அம்பு முதுகுப் பக்கம் போய்விடும். 20 கஜத்தில் அதே இடைவெளி 0.16 விநாடிதான்.

குறி பிசகினாலும் அகல வெட்டு ஈடுகட்டிவிடும் என்ற நம்பிக்கையைப் பற்றி. வயிற்றில் பட்ட அம்பு எவ்வளவு அகலமாக வெட்டினாலும் அது வயிற்றில் பட்ட அம்புதான். அம்பில் நுரை கலந்த வெளிர்சிவப்பு ரத்தம் இருந்தால் பட்டது நுரையீரலில். அரை மணி நேரம் பொறுத்துப் பின்தொடரலாம். கருஞ்சிவப்பு என்றால் ஈரலாக இருக்கலாம், குறைந்தது நாலைந்து மணி நேரம். பச்சையாக ஏதாவது ஒட்டியிருந்து நாற்றமும் அடித்தால் அது வயிறு, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். பெரிய வெட்டு என்று நம்பி முன்பே கிளம்பினால், படுத்திருக்கும் விலங்கை எழுப்பி விரட்டுவதுதான் நடக்கும். மரத்தின் மேலிருந்து எய்யும்போது கீழ்ப்பக்கம் வெளியேறும் துளை இல்லாவிட்டால், ரத்தம் நெஞ்சுக்குள்ளேயே தேங்கித் தடமே கிடைக்காமலும் போகலாம். இரண்டு துளைகள் தரும் குறுகிய முனை, ஒரே துளையோடு நின்றுவிடும் அகலமான முனையைவிட மேல்.

விதிகளை ஒவ்வொரு பருவமும் புதிதாகப் பாருங்கள். ஐடஹோ, ஓரிகன் போன்ற அமெரிக்க மாநிலங்களில் மெக்கானிக்கல் முனைகளுக்கு நெடுங்காலம் தடை இருந்தது. கொலராடோவில் முனை குறைந்தது 7/8 அங்குல அகலம் இருக்க வேண்டும். ஓரிடத்தில் செல்லுபடியாகும் முனை அடுத்த எல்லையில் குற்றமாகலாம்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் அதிகம் சொல்வதில்லை. அம்பு கையில் கிடைத்ததும் பிளேடுகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அது விலங்கின் நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கலாம், கூர்மையும் போயிருக்காது. ரத்தத்துக்குள் கை விட்டு உறுப்புகளை இழுத்தெடுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. தடிமனான கையுறை போட்டு, விலா எலும்புகளின் உட்பக்கத்தை மெதுவாகத் தடவிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இறைச்சியை வெட்ட வேறொருவரிடம் கொடுப்பதாக இருந்தால், ஒரு பிளேடு கிடைக்கவில்லை என்பதை அவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.