கேம்பர்வேன் ஜன்னலுக்குக் குளிர் தாங்கும் மறைப்பு: தடிமனை விட ஓரம் முக்கியம்

போன பிப்ரவரியில் ஸ்காட்லாந்தில் ஏவிமோர் பக்கம் ஒரு முகாமில் இரவு தங்கினோம். எங்கள் வண்டி 2012 மாடல் ஃபோக்ஸ்வேகன் டிரான்ஸ்போர்ட்டர் டி5, உள்ளேயே சமைத்துப் படுத்துக்கொள்ளும் கேம்பர்வேன். எல்லா ஜன்னலிலும் காசு கொடுத்து வாங்கிய வெள்ளி நிற மறைப்புகள் ஒட்டியிருந்தன. விடிகாலை நாலு மணிக்கு நெற்றியில் ஒரு சொட்டு விழுந்து விழித்தேன். ஒரு மறைப்பு பாதி கழன்று தொங்கியது. அதன் பின்னால் கண்ணாடி முழுக்க ஈரம், கீழ் ஓரத்தில் அது பனிக்கட்டியாகவே உறைந்திருந்தது. மகளின் தலையணை நனைந்து கிடந்தது.

வீடு வந்ததும் எல்லாவற்றையும் நானே அளந்து தைத்தேன். டிசம்பரில் அதே இடத்தில் மூன்று இரவு தூங்கினோம், தலையணை நனையவில்லை.

முதலில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நம் மூச்சிலிருந்தும் சமையலிலிருந்தும்தான். 227 கிராம் பியூட்டேன் குப்பி ஒன்று முழுதாக எரிந்தால் ஏறக்குறைய 350 மில்லி தண்ணீர் ஆவியாக வண்டிக்குள் சேரும். டீ கொதிக்கும்போது வரும் ஆவி தனிக்கணக்கு. இட்லிப் பானை மூடியைத் தூக்கினால் உள்பக்கம் சொட்டுகிறதே, நம் ஜன்னலும் அதே மூடிதான். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. உள்ளே மறைப்பு போட்டதும் வண்டியின் சூடு கண்ணாடிக்குப் போகாது, அதனால் கண்ணாடி முன்பை விட அதிகமாகக் குளிர்ந்துவிடும். ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் ஈரக்காற்று அதன் வழியே போய் அந்தக் குளிர்ந்த கண்ணாடியில் படிந்துவிடும். எனக்கு நடந்தது அதுதான்.

சரி, எதை வாங்குவது? முன்பக்கம் மூன்று கண்ணாடிக்கும் வெளியே போர்த்தும் ஒற்றை உறைதான் என் தேர்வு. கண்ணாடி உறைக்கு உள்ளே இருப்பதால் அவ்வளவாகக் குளிராது, காலையில் பனி சுரண்டும் வேலையும் மிச்சம். ஆனால் மழையில் நனைந்த உறையை எங்கே வைப்பது என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். அவசரமாக வண்டியை எடுக்க வேண்டுமென்றால் இறங்கித்தான் கழற்ற முடியும், அதையும் மனதில் வையுங்கள். படுக்கும் பகுதி ஜன்னல்களுக்கு உள்மறைப்பு போதும்.

தடிமனுக்காக அதிகம் செலவழிக்க வேண்டாம். வெறும் ஒற்றைக் கண்ணாடியில் 10 மி.மீ. ஃபோம் சேர்த்தாலே வெளியேறும் சூடு பாதிக்கும் கீழே போய்விடும். இன்னொரு 10 மி.மீ. சேர்த்தால் கிடைக்கும் கூடுதல் பலன் முதல் பத்தை விடக் குறைவுதான். நீர் உறிஞ்சாத, மூடிய சின்னக் காற்றறைகள் கொண்ட ஃபோம் (closed-cell) வாங்குங்கள், முகாம் பாய்க்குப் பயன்படுத்துவது அதுதான். அதன் வெளிப்பக்கம் வெள்ளித் துணி வைத்துத் தைத்தால் மறைப்பு தயார். வெள்ளிப்பூச்சுள்ள குமிழ்த் தாளை (குமிழ் ஃபாயில்) மட்டும் நம்ப வேண்டாம். அதைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால், நடுவில் காற்று இடைவெளி இல்லாததால் அந்த வெள்ளிப்பூச்சு குளிருக்குப் பெரிதாக உதவாது.

இனி அளவெடுப்பது. இங்கே அவசரப்படாதீர்கள், ஒரு முழு மதியம் ஒதுக்குங்கள். செய்தித்தாளில் அளவெடுத்தபோது கண்ணாடி ஈரத்தில் அது நெளிந்து என் அளவு தப்பியது. பெயின்ட் அடிக்கும்போது தரையில் விரிக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்தான் சிறந்தது. அதைக் கண்ணாடி மேல் டேப் போட்டு இழுத்து ஒட்டி, சட்டத்தின் உள்விளிம்பை மார்க்கரால் வரையுங்கள். எடுப்பதற்கு முன்பே தாளில் "மேல்", "வெளிப்பக்கம்", "ஓட்டுநர் பக்கம்" என்று எழுதிவிடுங்கள். இடது ஜன்னலும் வலது ஜன்னலும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். நான் ஒரே தாளை வைத்து இரண்டையும் ஒரே பக்கமாக வெட்டியதால் ஒன்றில் வெள்ளிப் பக்கம் உள்ளே வந்துவிட்டது, ஒரு மீட்டர் துணி வீண்.

வரைந்த கோட்டுக்கு வெளியே சுற்றிலும் 1 செ.மீ. விட்டு வெட்டுங்கள். அந்த ஒரு சென்டிமீட்டர்தான் மறைப்பைச் சட்டத்துக்குள் இறுக்கிப் பிடிக்கிறது. உள்ளங்கையால் அழுத்தும்போது மூலைகள் லேசாக முரண்டு பிடித்து உள்ளே போக வேண்டும். சுலபமாகப் போனால் சிறிதாகிவிட்டது என்று அர்த்தம். வெட்ட, பிளேடை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் கத்திதான் வேண்டும், கத்தரிக்கோல் ஃபோமைச் சரிவாக வெட்டிவிடும். ஓரத்துக்கு நாடா தைக்கும்போது தையல் மெஷினில் 100 எண் ஊசி, 4 மி.மீ. தையல் நீளம். நெருக்கமாகத் தைத்தால் வெள்ளித் துணி தபால்தலை ஓரம் மாதிரி கிழிந்து வரும்.

எல்லாம் மாட்டியதும் இருட்டிய பிறகு உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு வெளியே நின்று பாருங்கள். எங்கே வெளிச்சக் கோடு தெரிகிறதோ அங்கேதான் காற்றும் போகும். அந்த இடத்தில் ஒரு பட்டை ஃபோம் சேர்த்துத் தையுங்கள். ஜூனில் ஸ்காட்லாந்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அப்போதும் இந்த வேலையின் பலன் தெரியும்.

கண்ணாடியில் அழுத்தி ஒட்டும் சக்‌ஷன் கப் துணைக்கு மட்டும். குளிரில் அது விறைத்து விழும். வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டு, கண்ணாடியை வினிகர் தொட்டுத் துடைத்து உலர்த்தி ஒட்டினால் கொஞ்சம் நிற்கும்.

காலையில் மறைப்புகளை எடுத்துக் காய வைத்துவிட்டுத்தான் மடிக்க வேண்டும், ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடித்துவிடும். கூரைக் காற்றுவழியை இரவு முழுக்க விரலளவு திறந்தே வையுங்கள். கீழே இருக்கும் நிரந்தரக் காற்றுத் துளைகளை எதனாலும் அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் தூங்கவே கூடாது.

பின்சேர்க்கை: நகரும் ஜன்னலில் மறைப்பு உட்காரவில்லை என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அதன் நடுச்சட்டம் உள்ளே துருத்தி நிற்கும். அந்த இடத்தில் மட்டும் ஃபோமின் பின்பக்கத்தைப் பாதி ஆழத்துக்குச் செதுக்கிவிடுங்கள், துணியை வெட்ட வேண்டாம். இன்னொருவர் விளிம்பில் காந்தம் தைத்தும் ஒட்டவில்லை என்றார். அவர் வண்டியில் ஜன்னலைச் சுற்றி இருப்பது பிளாஸ்டிக். தைப்பதற்கு முன் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும் காந்தம் ஒன்றை எடுத்துப்போய்ச் சட்டத்தைச் சுற்றி ஒட்டிப் பாருங்கள்.