தமிழ் சீரியல் ஓடினால் பிள்ளைக்குத் தமிழ் வந்துவிடுமா? டிவி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், தமிழர்கள் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகள் பேசுவது ஆங்கிலம். சன் டிவியைப் போட்டுவைத்தால் நாலு தமிழ்ச் சொல்லாவது காதில் விழுமே என்று சாயங்காலம் முழுக்க ஓடவிடுவார்கள். நல்லெண்ணத்தில் செய்வதால் இதை யாரும் தவறென்றே நினைப்பதில்லை.

2003-இல் அமெரிக்க ஆய்வாளர் பாட்ரிசியா கூல் குழுவினர், 9 மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் சீனமொழியைக் கேட்கவைத்தார்கள். நேரில் உட்கார்ந்து பேசி விளையாடியபோது குழந்தைகள் அம்மொழி ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகளுக்கு எதுவும் ஏறவில்லை. குழந்தை கைநீட்டினால் சீரியல் மாமியார் திரும்பிப் பார்க்கமாட்டாள். ஆயா பார்ப்பாள், “என்னடா கண்ணு, பந்து வேணுமா?” என்று பந்தை எடுத்தும் தருவாள். சொல் அங்கேதான் ஒட்டுகிறது. மூன்று வயதுக்கு மேல் டிவி ஓரளவு உதவும்: கூடவே உட்காருங்கள், நடுவில் நிறுத்தி “பாப்பா ஏன் அழுவுது?” என்று தமிழில் கேளுங்கள். அதற்கும் அறைவதும் அலறுவதுமான மெகா சீரியல் வேண்டாம்.

யாரும் பார்க்காமல் ஓடும் டிவியும் சும்மா இல்லை. டிவி சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்கும் சொற்கள் சுமார் 770 குறைந்ததாக 2009-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பார்க்க ஆளில்லை என்றால் அணைத்துவிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அளவு இது: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள், குறைந்தால் இன்னும் நல்லது. கார்ட்டூன் காட்டிச் சோறூட்டுவதைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறார்கள். அதில் வாய் திறக்கிறதே தவிர, வயிறு நிறைந்தது பிள்ளைக்குத் தெரிவதில்லை.

இங்கே தென்னாப்பிரிக்காவில், பெரியவர்களுக்கான காட்சிகள் இரவு 9 மணிக்கு மேல்தான் என்பது இலவச சேனல்களுக்கு. கட்டணச் சேனல்களில் 8 மணிக்கே தொடங்கலாம். கட்டணச் சேனல்களைத் தரும் டிஎஸ்டிவி பெட்டியில், பூட்டைத் திறக்கும் ரகசிய எண்ணை 1234 என்றே விட்டுவைத்தால் பூட்டியும் பயனில்லை.

பக்கத்தில் உட்கார்ந்தால் கண் கெடும் என்பது பழைய பயம். ஆனால் பிள்ளை எப்போதும் திரையருகே போனால் கிட்டப்பார்வையாக இருக்கலாம், கண்ணைச் சோதியுங்கள்.

இழுப்பறை அலமாரிமேல் டிவி வைப்பது உண்மையிலேயே ஆபத்து. இழுப்பறைகளைப் படியாக்கிப் பிள்ளை ஏறினால் அலமாரியும் டிவியும் சேர்ந்து அதன்மேல் சாயும். இரண்டையும் பட்டை போட்டுச் சுவரோடு இறுக்குங்கள். ரிமோட்டையும் பொம்மையையும் மேலே வைக்காதீர்கள்.