லாச்சி அலுமாரிக்குக் கம் பூசிப் பூட்டுவது எப்படி?

பலகை சீவி, துளை போட்டு, அதற்குள் இறங்கும் கழுந்தும் செதுக்கியாயிற்று. இனிக் கம் பூசிப் பூட்டுவதுதான் மிச்சம். புதிதாகப் பழகுகிறவர்கள் அவசரப்பட்டு வேலையைக் கெடுப்பது இந்த இடத்தில்தான். மூன்று லாச்சி வைத்த, ஒன்றரை அடி ஆழமான தேக்கு அலுமாரியை வைத்துச் சொல்கிறேன்.

கம் போத்தலைத் திறக்க முதல் எல்லாவற்றையும் வெறுமனே பூட்டிப் பாருங்கள். கையால் தள்ளும்போது பாதிக்கு மேல் இறங்காத கழுந்தைக் கொஞ்சம் சீவுங்கள். கம் பட்டதும் மரம் ஊதி இன்னும் இறுகும். கிளாம்ப் போட்டு மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றென்றால் சட்டகம் நேர். பிறகு துண்டுகளுக்குப் பென்சிலால் இலக்கம் போட்டுக் கழற்றுங்கள். கிளாம்ப் போதாவிட்டால் கயிறு கட்டித் தடியால் முறுக்கி இறுக்கலாம். சின்ன லாச்சிக்குப் பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றினாலே போதும்.

தேக்கில் எண்ணெய் இருக்கும். பூசுவதற்குச் சற்று முன் பொருத்துகிற முகங்களைத் தின்னர் துணியால் துடையுங்கள். முதிரை மரம் என்றால் அன்றைக்கே சீவிய முகமாக இருக்க வேண்டும்.

வெள்ளைக் கம் 5 முதல் 10 நிமிடத்துக்குள் இழுக்கத் தொடங்கும். சோளகம் என்கிற காய்ந்த காற்று வீசுகிற ஆடியில் வன்னியில் அந்த நேரமும் கிடைக்காது. அதனால் விடியப்புறம், காற்றுப் படாத இடத்தில் செய்யுங்கள். முதல் நாள் குறுக்குச் சட்டங்களை ஒரு பக்கப் பலகையோடு மட்டும் ஒட்டுங்கள். மற்றப் பலகையைக் கம் இல்லாமல் மாட்டி வைத்தால் சட்டங்கள் கோணாது. அதை அடுத்த நாள் ஒட்டலாம். இறுக்கியதும் மூலைகளை மறுபடி அளந்து பாருங்கள். 1 மணி நேரமாவது கிளாம்ப் இருக்கட்டும். 24 மணி நேரத்துக்குப் பாரம் ஏற்ற வேண்டாம்.

சரி, இனிக் கம் பூசக் கூடாத இடம். இதைத்தான் நான் பட்டுப் படித்தேன். பக்கப் பலகையின் ரேகை மேலிருந்து கீழ் ஓடுகிறது. லாச்சி ஓடும் சட்டத்தின் ரேகை முன்னிருந்து பின். பலகை மாரியில் அகலவாக்கில் ஊதும், சோளகத்தில் சுருங்கும். ஒன்றரை அடித் தேக்கில் அது 2, 3 மில்லிமீற்றர் வரும். சட்டமோ நீளவாக்கில் அசையவே அசையாது. என் முதல் அலுமாரியில் சட்டம் முழுக்கக் கம் பூசினேன். அடுத்த ஆடியில் ஒரு பக்கப் பலகை மேலிருந்து நடுவரை வெடித்துவிட்டது. அந்தப் பலகையைச் சீவ எனக்கு இரண்டு நாள் எடுத்திருந்தது. இப்போது முன்பக்கம் 2 அங்குலத்துக்கு மட்டும் கம் பூசுகிறேன். பின்பக்கம் நீளவாட்டத் துளையில் ஒரு திருகாணி. பலகை தன்பாட்டில் அசையட்டும்.

லாச்சியின் அடிப்பலகைக்கும் இதே கதைதான். அது செருகி நிற்கும் காடிக்குள் கம் வேண்டாம். பிளைவுட் என்றால் ஒட்டலாம்.

ஆடியில் பூட்டினால் லாச்சிக்கு மேலே 2 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். மாரியில் மரம் ஏற்கெனவே ஊதியிருப்பதால் 1 போதும். அப்புறம் ஓடும் சட்டத்தில் மெழுகுதிரி தேயுங்கள்.

பின்பக்கப் பிளைவுட்டை மட்டும் கடைசிவரை அடிக்காதீர்கள். பின்னாலிருந்து ரோச் அடித்துப் பார்த்தால் லாச்சி எங்கே உரசுகிறது என்று தெரியும். அந்த இடத்தை மட்டும் சீவி, மூன்று லாச்சியும் ஒரு விரலால் தள்ள உள்ளே போன பிறகு அதை அடியுங்கள்.