பார் கனக்க ஆரம்பித்தால்

ஜனவரியில் 100 கிலோ ஸ்குவாட், அதாவது பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது, எனக்கு ஐந்து ரெப் (ஐந்து தடவை) சுலபமாக வந்தது. மார்ச்சில் இரண்டாவது ரெப்பிலேயே கீழே மாட்டிக்கொண்டேன். சோம்பேறித்தனம் என்று நினைத்து இன்னும் இரண்டு செட் (நிறுத்தாமல் போடும் ரெப்களின் ஒரு சுற்று) கூட்டினேன், மடையன். வாரம் ஆறு நாள் ஜிம். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும், பகலில் கடைக்கு வருகிறவர்களிடம் எரிந்து விழுவேன்.

ஜிம் மாஸ்டர் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, காலைல நாடி எவ்ளோ?"

அன்றிலிருந்து நோட்டில் எழுதுகிறேன். கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். என் வழக்கம் 58. அந்த மார்ச்சில் 67. ஒரு நாள் ஏறினால் கவலை வேண்டாம், தூக்கம் கெட்டாலும் காய்ச்சல் வந்தாலும் ஏறும். நான்கைந்து நாள் இறங்காமல் நின்று, வழக்கமான வெயிட்டும் கனத்தால் உடம்பு பயிற்சியிலிருந்து மீளவில்லை என்று அர்த்தம், டீலோட் வாரம் போடுங்கள்.

டீலோட் என்றால் ஜிம்முக்கு மட்டம் போடுவதில்லை. அதே பயிற்சிகள்தான், அளவு மட்டும் குறையும். 100 கிலோவில் ஐந்து செட் போட்டவன் 60 கிலோவில் இரண்டே செட் போட்டேன். மூன்றாம் நாள் கை அரிக்கும், வெயிட் ஏற்றாதீர்கள்.

என் விஷயத்தில் பாதிக் குற்றவாளி சாப்பாடு. தொப்பையைக் குறைக்கிறேன் என்று அதே மாதங்களில் சோற்றையும் பாதியாக்கியிருந்தேன். கடும்பயிற்சியும் பட்டினியும் ஒன்றாகச் சேர்ந்தால் உடம்பு எதைக் கொண்டு தசையைச் சரிசெய்யும்? எடை கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்று வைத்தால் 72 கிலோ உள்ள எனக்கு ஒரு நாளைக்குச் சுமார் 115 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான். சோற்றைத் திரும்பக் கூட்டினேன், பருப்பும் தயிரும் சேர்த்தேன். பத்து மணிக்குப் படுக்கை.

இரண்டு வாரம் ஓய்ந்தும் சோர்வு போகவில்லையென்றால் டாக்டரைப் பாருங்கள், ரத்தசோகையோ தைராய்டோ இருக்கலாம். கடும்பயிற்சிக்குப் பின் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிற அறிகுறி அது.

இப்போது வாரம் நான்கு நாள்தான். ஸ்குவாட்டுக்கு மறுநாள் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரைத் தூக்குவது) கிடையாது, இரண்டுக்கும் அதே முதுகுதான். ஒவ்வொரு ஆறாவது வாரமும் டீலோட். அந்த வாரம் சீக்கிரம் முடித்துவிடுவதால் மாஸ்டர் என்னை டம்பெல்களை அடுக்கச் சொல்கிறார். அதையும் செட் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருக்கிறேன்.