அக்டோபர் பிறந்தநாளுக்கு ஓப்பல் நகை: முதல்முறை வாங்குகிறவர்களுக்கு

அக்டோபரில் பிறந்த ஒருவருக்கு நகை எடுக்கப் போகிறீர்கள், பிறந்த மாதக் கல்லையே வைத்து எடுக்கலாம் என்று ஆசை. அந்தக் கல் ஓப்பல். ஒரே கல்லுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் இருக்கும். கையைத் திருப்பத் திருப்ப நிறம் இடம் மாறிக்கொண்டே போகும். எனக்குக் கற்களிலேயே மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் விஷயம் தெரியாமல் போனால் ஏமாறுவதும் இதில்தான் அதிகம். வைரமும் கெம்பும் பார்த்துப் பழகிய கண்ணோடு ஓப்பலைப் பார்க்காதீர்கள். முழுக் கல்லா, ஒட்டுக் கல்லா என்பதுதான் முதல் கேள்வி. நிறமும் விலையும் அப்புறம்.

மாதத்துக்கு ஒரு கல் என்று இன்று புழங்கும் பட்டியல், அமெரிக்க நகை வியாபாரிகள் சங்கம் 1912-ல் வகுத்தது. நம் ஊர் ராசிக்கல் கணக்கு வேறு; அதில் ஓப்பல் சுக்கிரனுக்கு உரியது, வைரத்துக்கு மாற்றாகப் போடுவார்கள். ஜோசியர் சொல்லி வாங்குகிறவர்களுக்கும் இங்கே சொல்லும் சோதனைகள் அப்படியே பொருந்தும். 1952-ல் அக்டோபருக்கு டூர்மலின் என்ற இன்னொரு கல்லும் சேர்ந்தது. அது யாருக்கு நல்லது என்று மூன்றாம் படியில் சொல்கிறேன்.

படி 1: கல்லின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஓப்பல் என்பது சிலிக்காவும் தண்ணீரும். நகைக்கு வரும் கல்லில் பெரும்பாலும் 6 முதல் 10 சதவீதம் வரை தண்ணீர் இருக்கும். கல்லுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா உருண்டைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன; ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்கு அளவுதான். அந்த அடுக்குகளில் வெளிச்சம் பட்டுச் சிதறும்போதுதான் நிறம் பிறக்கிறது. உருண்டை சிறியதாக இருந்தால் நீலம் மட்டும் தெரியும், பெரியதாக இருந்தால்தான் சிவப்பு வரும். அப்படிப்பட்ட கல் குறைவு, அதனால்தான் சிவப்பு ஓடும் ஓப்பலுக்கு விலை அதிகம்.

கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் ஓப்பலுக்கு 5 முதல் 6.5 வரை. வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணலுக்கு 7. அதாவது தூசி படிந்த கல்லைத் துணியால் அழுத்தித் துடைத்தாலே கீறல் விழும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

படி 2: கல்லைப் பக்கவாட்டில் பாருங்கள்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். கடையில் ஓப்பல் என்ற பெயரில் மூன்று வகை இருக்கும்.

முழுக் கல் என்றால் மேலிருந்து அடி வரை இயற்கையான ஓப்பல்தான். டப்ளட் என்றால் ஓப்பலின் மெல்லிய சீவலைக் கறுப்பு அடித்தளத்தில் ஒட்டியிருப்பார்கள். அடியில் கறுப்பு இருப்பதால் நிறம் தூக்கிக் காட்டும். டிரிப்ளட் என்றால் அதன் மேல் கண்ணாடியோ ஸ்படிகமோ ஒரு மூடியும் இருக்கும். மூன்றையும் வாங்கலாம், தப்பில்லை. முழுக் கல்லின் விலைக்கு டிரிப்ளட்டை வாங்குவதுதான் தப்பு.

கல்லைக் கண்ணுக்கு நேராகப் பக்கவாட்டில் பிடியுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் கடையிலேயே இருக்கும், கேட்டு வாங்குங்கள். ஓரத்தைச் சுற்றி அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் நேர்க்கோடு ஓடினால் அது ஒட்டிய இடம். நிறத்துக்கு மேலே தெளிந்த கண்ணாடிபோல ஒரு அடுக்கு தெரிந்தால் டிரிப்ளட். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இரும்புப் பாறையோடு சேர்ந்தே வெட்டியெடுக்கும் போல்டர் ஓப்பலிலும் இரண்டு அடுக்கு தெரியும். ஆனால் அங்கே கோடு வளைந்து நெளிந்து போகும், ஓப்பல் பாறைக்குள்ளே இறங்கியிருக்கும்.

நகையில் கல்லின் ஓரமும் அடியும் மூடியிருந்தால் இது எதுவும் தெரியாது. அப்போது கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள்: "இது முழுக் கல்லா? பில்லில் அப்படியே எழுதித் தருவீர்களா?" எழுதித் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

செயற்கை ஓப்பலும் உண்டு. 1970-களிலிருந்தே ஆய்வகத்தில் செய்து விற்கிறார்கள். லென்ஸில் பார்த்தால் நிறத் திட்டுகள் பல்லித் தோல்போல் ஒரே ஒழுங்கில் இருக்கும், பக்கவாட்டில் தூண் தூணாக நிற்கும். ஓப்பலைட் என்று மலிவாக விற்பது வெறும் கண்ணாடி. பால் நீலமாக இருக்கும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஆரஞ்சாகத் தெரியும், உள்ளே நிறம் ஓடாது.

படி 3: எங்கே போடுவது என்று முடிவு செய்யுங்கள்

முதல் ஓப்பல் நகை என்றால் கம்மலோ டாலரோ எடுங்கள் என்பேன். அங்கே கல் எதிலும் இடிபடாது. மோதிரம் அப்படியில்லை, பாத்திரம், கதவு, பைக் ஹேண்டில் என்று நாள் முழுக்க எதிலாவது மோதும். மோதிரம்தான் வேண்டும் என்றால் கல்லைச் சுற்றிலும் தங்க விளிம்பு கட்டிய டிசைனைப் பாருங்கள். நான்கு கொக்கிகளில் கல்லைத் தூக்கி நிறுத்தியது வேண்டாம். கல்லின் முகடு விளிம்புக்கு மேல் அதிகம் எழும்பாமல் இருந்தால் நல்லது. 22 காரட்டைவிட 18 காரட் தங்கம் கெட்டி, கல்லை இறுக்கிப் பிடிக்கும்.

கழற்றவே மாட்டேன், தூங்கும்போதும் கையில் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு டூர்மலின்தான் சரி. அதன் கடினம் 7 முதல் 7.5 வரை. இளஞ்சிவப்பு, பச்சை எனப் பல நிறங்களில் வரும். அக்டோபர் கணக்கும் தப்பாது.

படி 4: நிறத்தைக் கடை வெளிச்சத்துக்கு வெளியே பாருங்கள்

நகைக்கடை விளக்கில் எந்த ஓப்பலும் ஜொலிக்கும். வாசல் பக்கம் எடுத்துப் போய் நிழலில் பாருங்கள். அங்கேயும் நிறம் உயிரோடு இருந்தால் நல்ல கல். அடுத்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். சில கற்கள் ஒரு கோணத்தில் மட்டும் மின்னிவிட்டு மற்றபடி செத்துக் கிடக்கும். டாலர் என்றால் நேராகப் பார்க்கும்போது நிறம் தெரிய வேண்டும். மோதிரம் என்றால் எல்லாக் கோணத்திலும். சாய்க்கும்போதே மெல்லிய வலைபோல் விரிசல் ஏதும் உண்டா என்றும் கவனியுங்கள். ஈரம் வற்றும்போது வரும் விரிசல் அது, சரிசெய்ய முடியாது.

ஊரைப் பொறுத்தும் கல் மாறும். நியூ சவுத் வேல்ஸின் லைட்னிங் ரிட்ஜில் கிடைக்கும் கறுப்பு ஓப்பல்தான் விலையில் உச்சம். தெற்கு ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியில் வெள்ளை ஓப்பல். 1915-ல் கல் கிடைத்ததால் உருவான ஊர் அது. வெயிலுக்குப் பயந்து அங்கே பலர் பூமிக்கடியில் வீடு குடைந்து வாழ்கிறார்கள். மெக்சிகோவின் ஃபயர் ஓப்பல் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், பலவற்றில் நிறம் ஓடாது. அதன் அழகு அந்த உடல் நிறம்தான்.

நம் ஊர்க் கடைகளில் நீங்கள் அதிகம் பார்க்கப் போவது எத்தியோப்பியாவின் வெல்லோ பகுதிக் கல்லை. 2008-ல் அங்கே பெரிய அளவில் கிடைக்கத் தொடங்கியது. ஜெய்ப்பூரில் நிறையப் பட்டை தீட்டுகிறார்கள். ஆஸ்திரேலியக் கல்லைவிட விலை குறைவு, நிறமும் அட்டகாசம். ஆனால் அது தண்ணீரை உறிஞ்சும். நனைந்தால் கண்ணாடிபோல் தெளிந்து நிறம் மறைந்துவிடும், காய்ந்ததும் திரும்பும். தண்ணீரை உறிஞ்சும் கல் எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சும். அந்தக் கறை திரும்பிப் போகாது. மஞ்சள் பூசிக் குளிக்கிறவர்கள், எண்ணெய் தேய்க்கிறவர்கள் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். "கறுப்பு எத்தியோப்பியன்" என்று காட்டினால் பெரும்பாலும் புகையோ சாயமோ ஏற்றியது. விலை அதிகம் என்றால் லேப் ரிப்போர்ட் கேளுங்கள். ஜெய்ப்பூரின் ஐஐஜிஜே-ஆர்எல்சி (முன்பு ஜிடிஎல்) போன்ற ரத்தினப் பரிசோதனை ஆய்வகங்கள் கொடுக்கும். இயற்கைக் கல்லா, ஏதாவது ஏற்றியிருக்கிறார்களா என்று அதில் இருக்கும்.

படி 5: பில்லில் கல் எடையைப் பிரித்துப் போடச் சொல்லுங்கள்

கல் எடைக்கான காரட் வேறு, தங்கத் தரத்துக்கான காரட் வேறு. கல்லில் 1 காரட் என்றால் 200 மில்லிகிராம். 2.5 காரட் ஓப்பல் அரை கிராம். மோதிரத்தின் மொத்த எடை 4.5 கிராம் என்றால் தங்கம் 4 கிராம்தான். தங்க விலை, செய்கூலி, சேதாரம் எல்லாம் அந்த 4 கிராமுக்குத்தான் வர வேண்டும். கல்லின் விலை தனி வரியில் வரட்டும். தங்கத்தில் ஹால்மார்க்கும் எச்யூஐடி என்ற, ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரும் ஆறு இட அடையாள எண்ணும் இருக்கிறதா பாருங்கள். ஹால்மார்க் தங்கத்துக்குத்தான் உத்தரவாதம், கல்லுக்கு அல்ல.

படி 6: வீட்டுக்கு வந்த பிறகு

தங்க நகையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு பிரஷ்ஷால் தேய்ப்போமே, அது இதற்கு ஆகாது. டப்ளட், டிரிப்ளட்டில் ஒட்டின இடத்தில் தண்ணீர் புகுந்தால் கல் மங்கி வெளுத்துப்போகும். முழு ஆஸ்திரேலியக் கல்லை மட்டும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் துளி சோப்பு விட்டு அலசி, மென்மையான துணியால் ஒற்றி எடுக்கலாம். மற்றதெல்லாம் லேசான ஈரத்துணிதான். கடையில் அல்ட்ராசோனிக் மெஷினில் போட்டுத் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எண்ணெயில் போட்டு வைத்தால் விரிசல் வராது என்ற யோசனையும் வேண்டாம், பிசுக்குதான் படியும். வைர நகையோடு ஒரே டப்பாவில் போடாமல் தனியே துணிப்பையில் வையுங்கள். பீரோவில் வைக்கலாம், சூடேறும் விளக்குக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

மோதிரத்தின் அளவு மாற்றவோ, அறுந்த கம்மலை ஒட்டவோ பத்தரிடம் கொடுக்கும்போது "இது ஓப்பல், கல்லைக் கழற்றிவிட்டு ஊதுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கெம்பு போன்ற கற்களில் வேலை செய்து பழகிய கை, அப்படியே நெருப்பைக் காட்டிவிடும். உள்ளே இருக்கும் தண்ணீர் சூடேறினால் கல் அந்த நொடியிலேயே வெடித்துவிடும். வேலை முடிந்து வாங்கும்போது, கல்லை மறுபடி பதித்த விளிம்பை நகத்தால் ஒருமுறை தடவிப் பாருங்கள். கல் லேசாக ஆடினாலும் அங்கேயே உட்கார்ந்து இறுக்கி வாங்கிக்கொண்டு வாருங்கள்.