முன்கதை எழுதுகிறவர்கள் வழுக்கி விழும் இடங்கள்

ஸ்டார் வார்ஸ் வரிசையில் 1983இல் வந்த படத்தில் ஓர் அமைதியான காட்சி உண்டு. பெற்ற அம்மாவை நினைவிருக்கிறதா என்று லேயாவிடம் லூக் கேட்கிறான். கொஞ்சம்தான், நான் ரொம்பச் சின்னவளாக இருந்தபோதே போய்விட்டார் என்கிறாள் லேயா. அழகாக இருப்பார், அன்பாக இருப்பார், ஆனால் சோகமாக இருப்பார் என்றும் சொல்கிறாள். 22 வருடம் கழித்து, 2005இல், அந்த அம்மாவின் கதையைச் சொல்லும் படம் வந்தது. அதில் இரட்டைக் குழந்தைகளான லூக்குக்கும் லேயாவுக்கும் பெயர் வைத்த கையோடு அவள் பிரசவப் படுக்கையிலேயே கண்மூடிவிடுகிறாள். கண்கூடத் திறக்காத குழந்தைக்கு அம்மாவின் சோகம் எப்படித் தெரியும்?

ஃபோர்ஸ் என்னும் மாயசக்தி வழியாக வந்த நினைவு அது என்று முட்டுக்கொடுக்க ரசிகர்கள் இருக்கிறார்கள். கொடுக்கட்டும். முட்டு தேவைப்படும் அளவுக்குச் சுவர் ஏன் சாய்ந்தது என்பதுதான் எழுதுகிறவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

ப்ரீக்வெல் என்று சொல்லிப் பழகிவிட்ட முன்கதைக்கு, அடுத்த பாகத்துக்கு இல்லாத ஒரு நெருக்கடி இருக்கிறது. அடுத்த பாகத்தில் எதையும் மாற்றலாம். நடுவில் ஏதோ நடந்தது என்றால் தீர்ந்தது. முன்கதைக்கு முடிவை வேறு யாரோ எப்போதோ எழுதியாயிற்று. மக்கள் அதைப் பார்த்து வசனங்களை மனப்பாடமும் செய்தாயிற்று. நீங்கள் எந்த வழியில் வேண்டுமானாலும் போகலாம், ஆனால் அந்த வாசலில், அந்தக் கோலத்தில்தான் போய் நிற்க வேண்டும்.

வயதும் வருடமும்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தவிர்க்க ஆகச் சுலபமான தவறு இதுதான், கழித்தல் தெரிந்தால் போதும்.

ஹாரி பாட்டர் ஐந்தாவது நாவல் 1995இல் நடக்கிறது. அதில், எவ்வளவு காலமாகக் கற்பிக்கிறீர்கள் என்ற கேள்விக்கு, இந்த டிசம்பரோடு 39 வருடம் என்கிறார் பேராசிரியர் மெக்கானகல். ஆக, வேலைக்குச் சேர்ந்தது 1956இல். 2018இல் வந்த முன்கதைப் படமோ 1927இல் நடக்கிறது. அதே மெக்கானகல் அதே பள்ளியில் ஆசிரியையாக நடந்துவருகிறார்! அவர் இல்லாவிட்டாலும் அந்தக் காட்சி நடந்திருக்கும். தெரிந்த முகத்தைக் காட்டிக் கைதட்டு வாங்கும் ஆசை, வேறொன்றுமில்லை.

எக்ஸ்-மென் வரிசையின் சிக்கல் இதைவிடப் பெரியது. 2000இல் வந்த முதல் படத்தில், தனக்குப் பதினேழு வயதானபோது, பின்னாளில் எதிரியான மேக்னீட்டோவைச் சந்தித்ததாக அணித்தலைவர் சேவியர் சொல்கிறார். 2011இல் வந்த முன்கதையில் இருவரும் 1962இல், வளர்ந்த ஆட்களாகத்தான் முதன்முதலில் பார்த்துக்கொள்கிறார்கள். அதே படத்தின் கடைசியில் முதுகில் குண்டு பட்டு சேவியரின் கால்கள் செயலிழக்கின்றன. ஆனால் 2006இல் வந்த படம், இருபது வருடத்துக்கு முன் என்று காட்டும் தொடக்கக் காட்சியில் சேவியர் ஜம்மென்று நடந்து வந்தாரே? 2014இல் காலப்பயணம் ஒன்றை நடத்தி மொத்தக் கணக்கையும் அழித்து எழுதினார்கள். உங்கள் கதையில் காலப்பயணம் இல்லையென்றால் அந்த அழிப்பான் உங்களிடம் இல்லை.

குற்றம் சாட்டுகிறவர்களும் கணக்கில் தவறலாம். லார்ட் ஆஃப் த ரிங்ஸ் படங்களுக்கு முன்கதையான ஹாபிட் வரிசையின் மூன்றாம் படத்தின் முடிவில், ஸ்ட்ரைடர் என்ற இளம் வீரனைத் தேடிப் போ என்று லெகோலாஸிடம் அவன் தந்தை சொல்கிறார். ஸ்ட்ரைடர் என்பது அரகார்னின் இன்னொரு பெயர். அப்போது அவனுக்குப் பத்து வயதுதானே என்று பலர் பாய்ந்தார்கள். டோல்கீனின் காலவரிசைப்படி அது சரி. ஆனால் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் படங்கள், நாவலில் பில்போவின் பிறந்தநாளுக்கும் ஃப்ரோடோவின் புறப்பாட்டுக்கும் நடுவில் இருக்கும் 17 ஆண்டுகளைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டன. இரண்டாம் படத்தின் நீண்ட பதிப்பில் அரகார்ன் தன் வயது 87 என்கிறான். ஹாபிட் கதை நடந்தது அதற்கு 60 வருடம் முன்பு. அப்படியானால் வயது 27. ஸ்ட்ரைடர் தாராளமாக இருக்கலாம். நாவலின் கடிகாரமா, படத்தின் கடிகாரமா, எதைப் பார்த்து எழுதுகிறோம் என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ள வேண்டியது இதனால்தான்.

தெரிந்தவர்களும் தெரியாதவர்களும்

என்னைக் கேட்டால், வருடம் இடிப்பதெல்லாம் சில்லறைத் தவறு. படத்தை உண்மையில் காயப்படுத்துவது வேறொன்று: மூலக்கதையில் ஒருவருக்குத் தெரியாத விஷயத்தை முன்கதையில் அவருக்குத் தெரியவைத்துவிடுவது.

இந்தியானா ஜோன்ஸ் முதல் படம் வந்தது 1981இல். கதை நடப்பது 1936இல். தெய்வ சக்தி கொண்டதாகச் சொல்லப்படும் பேழையைத் தேடிப் புறப்படும் முன், மாயமந்திரத்தில் எல்லாம் எனக்கு நம்பிக்கையில்லை என்று நண்பரிடம் சிரித்தபடி சொல்லிவிட்டுத் துப்பாக்கியை எடுத்து வைக்கிறார் நாயகன். 1984இல் வந்த இரண்டாம் படம் அதற்கு ஒரு வருடம் முன்பு, 1935இல் நடக்கிறது. அதில் அதே ஆள், ஒரு பூசாரி வெறுங்கையை உயிருள்ள மனிதனின் மார்புக்குள் விட்டு இதயத்தைப் பிடுங்குவதைப் பார்க்கிறார். மந்திரம் சொன்னதும் கற்கள் தணலாகி எரிவதையும் பார்க்கிறார். இதெல்லாம் கண்ணெதிரே நடந்து ஒரே வருடம்தான் ஆகிறது, ஆள் நம்பவில்லையாம்!

இங்கே தேதி தவறவில்லை, நடிகர் மாறவில்லை, உடைகூடச் சரி. ஆனாலும் முதல் படம் அடிவாங்குகிறது. நம்பாத ஒருவன் கடைசியில் பேழை திறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, நீயும் மூடிக்கொள் என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லும் இடத்துக்கு வந்து சேர்வதுதான் அந்தப் படத்தின் பயணம். அவன் ஒரு வருடம் முன்பே அங்கே போய்விட்டு வந்தவன் என்றால் அந்தப் பயணம் எங்கே?

ஸ்டார் வார்ஸில் ஓபி-வான் கதையும் இதேதான். 1977இல் வந்த முதல் படத்தில், தன்னைத் தேடி வந்த ஆர்2-டி2 என்ற ரோபோவைப் பார்த்து, இப்படியொரு ட்ராய்ட் வைத்திருந்ததாக ஞாபகம் இல்லையே என்கிறார் கிழவர். முன்கதைகளில் அதே ஆர்2 அவரோடு போர்க்களம் போர்க்களமாகச் சுற்றுகிறது. அதன் கூட்டாளி ரோபோ சி-3பிஓவை உருவாக்கியதே லூக்கின் அப்பா அனகின்தான், அதுவும் சிறுவயதில், என்றும் ஆயிற்று. பார்த்தார்கள், எல்லாம் தெரிந்த பொம்மைக்கு என்ன செய்வது? 2005இல் வந்த படத்தின் முடிவில் ஒரே கட்டளையில் 3பிஓவின் நினைவை அழித்துவிட்டார்கள். ஆர்2வுக்கு அந்தத் தண்டனை இல்லை.

இதற்கு நான் சொல்லும் மருந்து அலுப்பூட்டும் வேலைதான். கதைச்சுருக்கம் எழுதும் முன், மூலக்கதையின் ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் ஒரு தாள். அதில் மூன்று பத்தி: முதல் காட்சியில் இவருக்குத் தெரிந்தது, தெரியாதது, தப்பாக நம்புவது. முதல் பத்தியை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். இரண்டாவதை யாரும் எழுதுவதில்லை, ஏனென்றால் தெரியாதது வசனத்தில் வராது. யார் யாரைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள், யார் பெயரைக் கேட்டு முகம் மாறாமல் இருக்கிறார்கள் என்று ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பார்த்தால்தான் அது பிடிபடும்.

பொய் என்னும் மூன்றாவது பத்தி

இந்தப் பத்தியில்தான் புதையல் இருக்கிறது. டோல்கீன் 1937இல் வெளியிட்ட ஹாபிட் முதல் பதிப்பில், விடுகதைப் போட்டியில் தோற்றால் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாக கொல்லம் என்ற குகைப்பிராணி தானே ஒப்புக்கொள்கிறது. தேடிப் பார்த்து மோதிரம் கிடைக்காமல் போகவே நாயகன் பில்போவிடம் மன்னிப்பும் கேட்கிறது! பிறகு அடுத்த பெருங்கதையான லார்ட் ஆஃப் த ரிங்ஸ் எழுதும்போதுதான் அந்த மோதிரம் யாரும் மனமுவந்து விட்டுத்தர முடியாத சாபப்பொருளாக வளர்ந்தது. இரண்டும் ஒட்டவில்லை. 1951ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த அத்தியாயத்தையே திருத்தி எழுதினார். அதோடு நிற்காமல், பழைய வடிவம் பில்போ தன் தோழர்களிடம் சொன்ன பொய் என்றும் ஆக்கினார். நேர்மையான பில்போ ஏன் பொய் சொன்னான்? மோதிரம் அப்போதே வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. ஓட்டையை அடைக்கப் போன இடத்தில் கதைக்குப் புது பலம் கிடைத்தது.

இந்தத் தொல்லை சினிமாவோடு பிறந்ததும் அல்ல. வால்மீகி ராமாயணத்தின் உத்தர காண்டத்தில் பெரும்பகுதி, பட்டாபிஷேகத்துக்குப் பிறகு அகத்தியர் ராமனுக்குச் சொல்லும் ராவணனின் முன்கதை. சீதையை அவன் ஏன் பலவந்தப்படுத்தவில்லை என்பதற்கு அங்கே ஒரு காரணம் வருகிறது. ரம்பைக்கு இழைத்த கொடுமைக்காக அவள் காதலன் நளகூபரன் சபித்தான், மீறினால் தலை ஏழு துண்டாகும். ஆனால் அதற்கு முன்பே யுத்த காண்டத்தில் ராவணன் தன் வாயாலேயே வேறு காரணம் சொல்லிவிட்டான். புஞ்சிகஸ்தலை என்ற அப்சரஸ் விஷயத்தில் பிரம்மன் சபித்தது அது, தலை நூறு துண்டு. உத்தர காண்டம் பிற்சேர்க்கை என்று ஆய்வாளர்களில் பெரும்பாலானோர் கருதுகிறார்கள். ஏற்கெனவே காரணம் இருக்கும் ஒன்றுக்கு இன்னொரு காரணம் கண்டுபிடித்துத் தருவது, இன்றும் முன்கதைக்காரர்களின் கை அரிக்கும் இடம்.

ஒட்டுப்போடுதல்

தவறு தெரிந்த பிறகு செய்யும் வேலை இது. ஸ்டார் ட்ரெக்கில் க்ளிங்கான்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகளுக்கு 1960களின் தொலைக்காட்சித் தொடரில் நெற்றி வழவழப்பாக இருந்தது. 1979இல் வந்த படத்தில் மேடும் பள்ளமுமாக ஆயிற்று. 1996இல் ஒரு தொடரின் அத்தியாயத்தில் இதைப் பற்றி க்ளிங்கானான வோர்ஃபிடமே கேட்கிறார்கள். வெளியாட்களிடம் நாங்கள் அதைப் பேசுவதில்லை என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு நகர்கிறார். அரங்கமே சிரித்திருக்கும். 2005இல், முன்கதைத் தொடரான எண்டர்பிரைஸ் இதே நெற்றிக்காக இரண்டு அத்தியாயம் செலவழித்து ஒரு வைரஸ் கதையைச் சொன்னது. விளக்கம் பொருந்துகிறது, மறுக்கவில்லை. வோர்ஃபின் அந்த ஒற்றை வரியே போதும் என்பது என் கட்சி.

விளக்கம் வேண்டாத இடத்தில் விளக்குவதும் இதன் உறவுக்காரன்தான். ஸ்டார் வார்ஸின் ஹான் சோலோவுக்கு அந்தக் குடும்பப்பெயர் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. தனியாள் என்பதால் ஆள்சேர்ப்பு அதிகாரி வைத்த பெயர் அது என்று 2018இல் வந்த படம் சொன்னது. முரண்பாடு எதுவும் இல்லை, ஆள்தான் கொஞ்சம் சிறுத்துவிட்டான்.

மறுகோடியில் 2011இல் வந்த த திங் என்ற திகில் படம் இருக்கிறது. அதே பெயரில் வந்த 1982ஆம் ஆண்டுப் படத்தில் அமெரிக்கர்கள் நார்வே முகாமின் இடிபாட்டில் பார்ப்பவை எல்லாம் இதில் எப்படி வந்தன என்று காட்டப்படுகின்றன. பதிந்து நிற்கும் கோடாரி, உறைந்த பிணம், குடைந்த பனிக்கட்டி, இரு முகம் கொண்ட கருகிய உடல், எதுவும் விடுபடவில்லை. கடைசியில் நாயைத் துரத்தும் ஹெலிகாப்டர் புறப்பட்டுப் பழைய படத்தின் முதல் காட்சியில் போய்ச் சேர்கிறது. உழைப்புக்கு வணக்கம். ஆனால் பார்க்கும்போது ஒரு பட்டியலுக்கு ஒவ்வொன்றாக டிக் போடுகிற உணர்வுதான் வந்தது. அந்த இடிபாட்டின் பயமே, அங்கே என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாததில்தானே இருந்தது?

சில இடங்களில் விட்டுவிடுவதும் சரி. 2001இல் வந்த மான்ஸ்டர்ஸ் இன்க் படத்தில், நான்காம் வகுப்பிலிருந்தே உனக்கு என் அழகில் பொறாமை என்று மைக், சல்லியிடம் சொல்வான். 2013இல் வந்த முன்கதையில் இருவரும் கல்லூரியில்தான் அறிமுகமாகிறார்கள். ஒரு கேலி வசனத்துக்காக ஒரு நல்ல கல்லூரிக் கதையைக் கைவிட்டிருக்க வேண்டுமா? வேண்டாம். அந்த வசனம் மாறினால் முதல் படத்தில் எந்தக் காட்சியும் உடையவில்லை. லேயாவின் வசனம் அப்படியல்ல, ஒரு பெண்ணின் மொத்த அம்மாவும் அதில்தான் இருக்கிறாள்.

பழைய வசனத்தை வேலியாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. பிரேக்கிங் பேட் தொடரில் 2009இல் வழக்கறிஞர் சால் குட்மேன் முதன்முதலாக வருகிறார். முகமூடி போட்ட இருவர் அவரைப் பாலைவனத்துக்குக் கடத்திப்போய் மண்டியிட வைக்கிறார்கள். உயிர்ப் பயத்தில், அது நான் இல்லை, இக்னாசியோதான் என்று கத்துகிறார். லாலோ அனுப்பவில்லையா என்று கேட்கிறார். லாலோ யாரென்றே அவர்களுக்குத் தெரியவில்லை என்றதும் பெருமூச்சு விடுகிறார். அந்தத் தொடரில் இந்த இரண்டு பெயர்களுக்கும் அதற்குமேல் வேலை இல்லை. 2015இல் தொடங்கிய அதன் முன்கதைத் தொடரான பெட்டர் கால் சால், அந்த இரு பெயர்களையும் எடுத்து இரண்டு முழு மனிதர்களாக்கியது, 2022இல் முடியும்வரை. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போய் அந்தப் பாலைவனக் காட்சியைப் போடுங்கள். வசனம் ஓர் எழுத்து மாறவில்லை. ஆனால் மண்டியிட்டிருக்கும் அந்த ஆள் யாரை நினைத்து நடுங்குகிறார், லாலோ இல்லை என்றதும் ஏன் அப்படி மூச்சுவிடுகிறார் என்று இப்போது நமக்குத் தெரியும். எதிரே துப்பாக்கியோடு நிற்கும் இருவருக்கும் தெரியாது.