அதிகாரம் பற்றிய புத்தகங்களை எப்படி வாசிப்பது

எந்தப் புத்தகக் கண்காட்சிக்குப் போனாலும் தலைமை, அதிகாரம், பேச்சால் ஆளை வசப்படுத்துவது என்று ஒரு தனி அலமாரி இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு மூன்று வருடத்தில் அந்தப் பக்கம் ஒதுங்காதவர்கள் குறைவு. நானும் போனேன். ஒன்றை வாங்கி, பென்சிலால் கோடு போட்டு வாசித்து, 'மனதில் இருப்பதை யாருக்கும் காட்டாதே' என்று அதில் இருந்ததை அப்படியே பிடித்துக்கொண்டு அலுவலகத்தில் ஆறு மாதம் நடந்துபார்த்தேன். பக்கத்து மேசையில் ஒரு அக்கா இருந்தார். மேலிடத்தில் என்ன பேச்சு ஓடுகிறது என்பதை எனக்கு முதலில் வந்து சொல்பவர் அவர்தான். நான் வாயை மூடிக்கொண்டதும் அவரும் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அது பழையபடி ஆக ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது.

நான் விதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்த விதி யாருடைய கதையிலிருந்து வந்தது, அந்தக் கதை கடைசியில் எங்கே போய் முடிந்தது என்று பார்க்கவே இல்லை. இப்போது நான் வாசிக்கும் முறை வேறு. உங்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் பக்கத்தைத் திறப்பதற்கு முன்னால், எழுதியவர் எந்த நிலையில் இருந்துகொண்டு எழுதினார் என்று தேடிப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான். மாக்கியவெல்லியின் 'தி பிரின்ஸ்' புத்தகத்தை ஏதோ சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியதாகப் பலரும் நினைக்கிறார்கள். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் குடியரசில் 14 வருடம் அதிகாரியாக இருந்தவர் அவர். 1512இல் மெடிசி குடும்பம் திரும்ப ஆட்சிக்கு வந்ததும் வேலை போனது. அடுத்த வருடம் சதி செய்ததாகச் சந்தேகித்துச் சிறையில் போட்டு, கையைப் பின்னால் கட்டித் தூக்கித் தொங்கவிட்டு வதைத்தார்கள். வெளியே வந்து ஊருக்கு வெளியே தன் பண்ணையில் இருந்தபடி 1513இல் அந்தப் புத்தகத்தை எழுதினார், அதுவும் தன்னை வதைத்த அதே குடும்பத்துக்குக் காணிக்கையாக, திரும்ப ஒரு வேலை கிடைக்காதா என்று. அதனால் வேலை கிடைக்கவில்லை. அச்சில் வந்தது 1532இல், அவர் இறந்து ஐந்து வருடம் கழித்து.

இதைத் தெரிந்துகொண்டு வாசித்தால் அந்தப் பிரபலமான 17ஆம் அத்தியாயமே வேறு மாதிரி தெரியும். மக்கள் உன்னிடம் அன்பாக இருப்பதா, உனக்குப் பயப்படுவதா, இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் பயமே பத்திரம் என்கிறார். இந்த ஒரு வரியைத்தான் எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். ஆனால் பயப்படட்டும், வெறுக்க மட்டும் விட்டுவிடாதே, அடுத்தவர் சொத்தில் கை வைக்காதே என்றும் அதே அத்தியாயத்தில் சொல்கிறார். அப்பன் செத்ததைக்கூட மனிதன் சீக்கிரம் மறப்பான், அப்பன் சொத்து போனதை மறக்கமாட்டான் என்று அவர் சொல்லும் காரணத்தை நம் ஊரில் பாகப்பிரிவினை பார்த்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதிகாரத்தின் அடி முதுகில் விழுந்தவன் எழுதியது அது.

அடுத்தது, எனக்கு மிக முக்கியமானது: உதாரணக் கதையைக் கடைசிவரை துரத்திப் போங்கள். ராபர்ட் கிரீனின் '48 லாஸ் ஆஃப் பவர்' 1998இல் வந்தது. இந்த வகையில் இன்றைக்கு அதிகம் பேசப்படும் புத்தகங்களில் ஒன்று. அதன் முதல் விதி, மேலே இருப்பவரைவிட நீ பளிச்சென்று தெரியாதே. அதற்கு அவர் காட்டும் முதல் கதை நிக்கோலா ஃபூக்கே. பிரான்சு மன்னர் பதினான்காம் லூயியின் நிதிப் பொறுப்பாளர். 1661 ஆகஸ்ட் 17 அன்று வோ-லெ-விகோம்ட் என்ற தன் புது மாளிகையில் மன்னருக்கு ஒரு விருந்து வைத்தார். மோலியேரின் புது நாடகம், வாணவேடிக்கை, ராஜ சாப்பாடு. மூன்று வாரத்துக்குள், செப்டம்பர் 5இல் கைது. ஆக, அமைச்சர் ஆடம்பரமாக விருந்து வைத்தார், மன்னருக்குப் பொறாமை, அமைச்சர் உள்ளே.

கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கைதைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் எழுதியதைப் புரட்டினால் விஷயம் மாறுகிறது. ஃபூக்கேயைக் கவிழ்க்கும் முடிவு அந்த விருந்துக்குச் சில மாதம் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. கோல்பெர் என்ற இன்னொரு அதிகாரி முன்பிருந்தே ஃபூக்கேயின் கணக்கு வழக்கைப் பற்றிப் போட்டுக்கொடுத்து வந்தார். ஃபூக்கே பெல்-இல் என்ற தீவை வாங்கிக் கோட்டை கட்டிப் பலப்படுத்தியது வேறு மன்னரின் கண்ணை உறுத்தியது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. ஃபூக்கே பாரிஸ் உயர் நீதிமன்றத்தில் தலைமை அரசு வழக்கறிஞர் பதவியையும் கையில் வைத்திருந்தார். அது இருந்தவரை அவரை அந்த நீதிமன்றம் மட்டுமே விசாரிக்க முடியும், மன்னர் இஷ்டத்துக்கு ஒரு தனி விசாரணை மன்றத்தை அமைக்க முடியாது. அந்தப் பதவியை விற்றுவிடும்படி அவரை நயமாகப் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். அந்த 1661 கோடையில் விற்றார். கவசத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் விருந்தே வைத்தார். மூன்று வருட விசாரணைக்குப் பிறகு நீதிபதிகள் நாடு கடத்தினால் போதும் என்று தீர்ப்புச் சொல்ல, மன்னர் அதை ஆயுள் சிறையாக மாற்றினார். 1680இல் சிறையிலேயே இறந்தார்.

இப்போது சொல்லுங்கள், இந்தக் கதையிலிருந்து ஒரு ஊழியர் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? 'பளிச்சென்று தெரியாதே' என்பதா, 'உன்னைக் காப்பாற்றும் காகிதத்தை யார் இனிக்க இனிக்கக் கேட்டாலும் கொடுத்துவிடாதே' என்பதா? எனக்கு இரண்டாவதுதான் தெரிகிறது. வேலை நியமனக் கடிதம், மின்னஞ்சலில் வாங்கிய ஒப்புதல், சங்க உறுப்பினர் அட்டை, எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். கிரீன் புத்தகத்தை வாசிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதில் இருக்கும் ஒவ்வொரு கதையும் ஒரு வாசல். உள்ளே போய்ப் பாருங்கள் என்கிறேன்.

மேலதிகாரியிடம் எப்படி இருப்பது என்பதற்கு வள்ளுவரிடம் ஒரு முழு அதிகாரமே இருக்கிறது, மன்னரைச் சேர்ந்தொழுகல், 70ஆவது. அதன் முதல் குறள், 'அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க'. குளிருக்கு நெருப்பு வேண்டும்; தள்ளிப் போனால் குளிரும், ஒட்டினால் சுடும். பொருட்பாலில் 70 அதிகாரம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த களைப்பில் நாம் அதை ஆட்சி நூலாக வாசிப்பதே இல்லை. எல்லாவற்றையும் வரிசையாக வாசிக்கத் தேவையில்லை. புதிதாக டீம் லீடர் ஆனவர் 51, 52 இரண்டையும் எடுக்கலாம், ஆளைத் தேர்ந்தெடுப்பது, தேர்ந்தெடுத்த ஆளிடம் வேலையை விட்டுவிடுவது. கூட்டத்தில் பேசப் பயம் என்றால் 65, 72, 73. பரிமேலழகர் உரையோடு ஒரு தடவை, எளிய உரையோடு ஒரு தடவை வாசியுங்கள்.

சரி, விதிப் புத்தகம் ஒன்றை வாசித்தால் கூடவே ஒரு வாழ்க்கை வரலாற்றையும் வாசியுங்கள். விதிப் புத்தகத்தில் அதிகாரம் பத்து வரியில் வந்து போய்விடும். வரலாற்றில்தான் அது எப்படிச் சேர்கிறது, யார் தலையில் விழுகிறது என்று தெரியும். நான் எல்லோருக்கும் சொல்வது ராபர்ட் காரோவின் 'தி பவர் புரோக்கர்', 1974. ஆயிரம் பக்கத்துக்கு மேல். நியூயார்க் நகரத்தின் பாலம், சாலை, பூங்கா எல்லாவற்றையும் கையில் வைத்திருந்த ராபர்ட் மோசஸின் கதை. அவர் மக்கள் ஓட்டில் ஜெயித்து எந்தப் பதவிக்கும் வந்தவரில்லை. 1934இல் கவர்னர் தேர்தலில் நின்று தோற்றார். அப்புறம் எப்படி நாற்பது வருடத்துக்கு மேல் அதிகாரம்? பாலத்தில் வசூலாகும் சுங்கப் பணத்தை நம்பிக் கடன் பத்திரம் விற்றார். தன் ஆணையத்தின் அதிகாரங்களையே அந்தப் பத்திர ஒப்பந்தத்துக்குள் எழுதி வைத்தார். ஒப்பந்தத்தை அரசு மீற முடியாது என்பது அமெரிக்க அரசியல் சட்டம். மேயரும் கவர்னரும் மாறினார்கள், மோசஸை அசைக்க முடியவில்லை. எந்த விதிப் புத்தகமும் இதைச் சொல்லித்தராது.

அவர் விழுந்த விதத்தையும் பாருங்கள். ஏதாவது சரிப்படாவிட்டால் ராஜினாமா செய்வேன் என்று மிரட்டுவது அவர் வழக்கம், எல்லோரும் கெஞ்சுவார்கள். 1962இல் கவர்னர் நெல்சன் ராக்பெல்லரிடம் அதே மிரட்டல். அவர் கெஞ்சவில்லை, ராஜினாமாவை வாங்கி வைத்துக்கொண்டார். 1968இல் அந்தப் பால ஆணையமே பெரிய போக்குவரத்து ஆணையத்துக்குள் கரைக்கப்பட்டது. பத்திரம் வாங்கியவர்கள் சார்பில் அதைத் தடுத்திருக்க வேண்டிய வங்கி சேஸ் மன்ஹாட்டன், அதன் தலைமையில் இருந்தவர் கவர்னரின் தம்பி. இந்தப் புத்தகத்தில் 'ஒரு மைல்' என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. ஒரு நெடுஞ்சாலைக்காக பிராங்க்ஸ் பகுதியில் 1,530 குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேற்றிய கதை. சாலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தால் பெரும்பாலான வீடுகள் தப்பித்திருக்கும் என்று அந்த மக்கள் வரைபடத்தோடு போய் நின்றார்கள், நடக்கவில்லை. நேரம் இல்லாதவர்கள் அந்த ஒரு அத்தியாயத்தையாவது வாசியுங்கள். அதிகாரத்தைப் பற்றி வாசிப்பவர் அதன் கீழே வசித்தவர்களைச் சந்திக்காமல் புத்தகத்தை மூடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இனி செல்வாக்கு, அதாவது ஆளை இணங்க வைக்கும் கலை. இதற்கு ராபர்ட் சியால்டினியின் 'இன்ஃப்ளுயன்ஸ்', 1984, போதும். அவர் உளவியல் பேராசிரியர். விற்பனைப் பயிற்சி, நன்கொடை வசூல் என்று சுமார் மூன்று வருடம் அந்தந்த ஆட்களோடு கலந்து வேலை கற்றுப் பார்த்துவிட்டு எழுதினார். முதலில் இணங்கிப் போகிறவன் பக்கத்திலிருந்து வாசியுங்கள். ஒரு அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, போன மாதம் இது உங்கள்மேல் எங்கே நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பெற்றால் திருப்பிக் கொடுக்கத் தோன்றும் என்ற அத்தியாயத்துக்கு நமக்கு உதாரணம் தேட வேண்டுமா? கல்யாண மொய் நோட்டு இருக்கிறது, பேராவூரணி பக்கம் ஆடி மாத மொய் விருந்து இருக்கிறது. நகைக்கடையில் உட்கார்ந்ததும் வரும் கூல்டிரிங்க்ஸும் அதே வகைதான். ஆனால் மொய்யில் கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் கணக்கு தெரியும். கூல்டிரிங்க்ஸில் கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். இந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 'சார், இந்த விலைக்கு ரெண்டு பிளாட்தான் பாக்கி' என்று போனில் சொன்னதும் நெஞ்சு படபடத்தால், அது அருமைப்பாடு, அதாவது குறைவாகக் கிடைப்பதன்மேல் ஆசை கூடுவது, பற்றிய அத்தியாயம். நோட்டில் இருபது முப்பது வரி சேர்ந்த பிறகு, எதை நீங்கள் மற்றவரிடம் பயன்படுத்தலாம், எதைக் கூடாது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். மற்றவருக்குத் தெரிந்தாலும் வேலை செய்யும் என்றால் பயன்படுத்தலாம். தெரிந்ததும் அவர் முகம் சுளிப்பார் என்றால் வேண்டாம். இதுதான் நான் வைத்திருக்கும் அளவுகோல்.

டேல் கார்னகியின் 'ஹவ் டு வின் ஃபிரெண்ட்ஸ் அண்ட் இன்ஃப்ளுயன்ஸ் பீப்பிள்', 1936, பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சபையில் எழுந்து பேசப் பயந்தவர்களுக்கு 1912 முதல் நியூயார்க்கில் மாலை வகுப்பு எடுத்தவர். குறை சொல்லிக்கொண்டே இருக்காதே, பெயரை நினைவில் வை, காது கொடுத்துக் கேள். சின்னப் புத்தகம், ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். ஒரு மாதத்துக்கு ஒன்றை மட்டும் எடுத்துப் பழகுங்கள். கேட்பதிலிருந்து ஆரம்பிப்பது நல்லது: வீட்டில் அம்மா பேசும்போது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நடுவில் குறுக்கிடாமல், முழுதாக.